கூரைமேல் ஆட்சி

ஜோயல் டர்ன்புல் சமையலறைக்குள் நுழைந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. வில்மா ஹோக்ஸ்ட்ரா பெரிய பானையில் பட்டாணிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நவம்பர் மாதச் சனிக்கிழமை. மிச்சிகனில் மூன்று நாளாக மழை விடவில்லை. சந்தைத் திடலில் ஆடு மாடுகளைக் காட்சிக்கு நிறுத்தும் கூடத்தை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் கொடித்துணி தொங்கவிட்டு, அதற்கு அரண்மனை என்று பெயர் வைத்திருந்தோம். எத்தனை கொடி கட்டினாலும் ஆட்டு வாடை போகவில்லை.

எங்கள் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வருடத்தில் ஏழெட்டு சனிக்கிழமைகள் எழுநூறு வருடம் பின்னால் போய் வாழ்கிறவர்கள் நாங்கள். டயர் கடைக்காரர் அன்று இரும்புச் சட்டை போட்ட வீரர். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற பெண் அன்று சீமாட்டி. ராஜா உண்டு, ராணி உண்டு, மாலை ஐந்து மணிக்கு சபை உண்டு. ஆளுக்கு இரண்டு பெயர். குழப்பம் வேண்டாமென்று நான் வீட்டுப் பெயரையே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று பாணர் போட்டி. பன்னிரண்டு பேர் காலையில் ஆளுக்கொரு பாட்டோ கதையோ சொல்ல, நடுவர்கள் நான்கு பேரைப் பொறுக்கி மாலைச் சபைக்கு அனுப்புவார்கள். நடத்துகிறவர் ஜோயல். பள்ளிப் பேருந்துகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. ஆனால் இங்கே மணல் கடிகாரம் ஈரத்தில் அடைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தை எட்டு நிமிடமாக ஓட்டியது. ஒரு நடுவரின் காதுக் கருவிக்கு பேட்டரி தீர்ந்து போனது. அதையெல்லாம் அவர் சமாளித்துவிட்டார். இதைத்தான் முடியவில்லை.

“வில்மா, இது என் கை மீறிப் போயிடுச்சு. நீங்கதான் பாக்கணும்,” என்றார்.

நடந்தது இது. போன மார்ச்சில் இறந்துபோன ஹாலிஸ் க்ரேனரின் நினைவாகத்தான் இந்த வருடப் போட்டி. இருபது வருடம் அவரை மிஞ்சிய பாணர் எங்களுக்குள் கிடையாது. அவர் போட்டிருந்த பச்சை மேலங்கிதான் பரிசு. காலையில் ஐந்தாவதாக நடீன் ரூயிட்டர் எழுந்தாள். மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள், அதிகம் பேசமாட்டாள். சின்னப் பாட்டு ஒன்றை இசையில்லாமல் சொன்னாள். கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவள் உட்கார்ந்ததும் நடு வரிசையிலிருந்து ஹாலிஸின் மனைவி அடீல் எழுந்து, கைப்பையிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்துக் காட்டி, “இது என் புருஷனோட பாட்டு. அவர் கையெழுத்துல இருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

போட்டியில் பாடுகிற ஒவ்வொருவரும் பாட்டை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஜோயல் நோட்டிலிருந்த பாட்டைத் தன் கையால் நகலெடுத்து, நடீன் கொடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை தவிர அதே பாட்டு. திருட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்காவிட்டால் ஐந்து மணிச் சபையில் அவள் பெயரை வாசித்துக் குழுவிலிருந்து நீக்குவதென்று ராஜா முடிவு செய்துவிட்டார்.

“திருடினேன்னு சொல்ல மாட்டேங்கறா. திருடலைன்னும் சொல்ல மாட்டேங்கறா. கல்லாட்டம் உக்காந்திருக்கா,” என்றார் ஜோயல்.

வில்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவள். குழுவில் எது காணாமல் போனாலும், யார் யாரோடு முறைத்துக்கொண்டாலும் அவளிடம்தான் வரும். கஞ்சிக் கரண்டியை லெஸ்டர் பாலஸ்கியிடம் கொடுத்தாள். முன்பு சொன்ன டயர் கடைக்காரர் இவர்தான். வில்மாவின் விசாரணை எதையும் விடமாட்டார். ஆனால் அவர் வருவது நூறு அடி முன்னாலேயே சலங்கை கட்டினதுபோல் கேட்கும். துப்பறிய ஏற்ற உடுப்பு இல்லை. அவர் கரண்டியை வேறு யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தார்.

இரண்டு தாள்களும் மேசையில் விரிந்தன. ஜோயலின் நகல் இப்படி இருந்தது:

கதவைத் தட்டாமல் வந்து
என் கட்டிலோரம் அமர்ந்த வீரனே,
உனக்கு இந்த ஊரில் வேறெதுவும் இல்லையா?
கேள், தகரக் கூரைமேல் மழை.
அவள் அதை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
எண்ணி முடிக்கும்வரை பொறு.

நடீனின் தாளிலும் இதேதான். ‘வீரனே’ என்ற இடத்தில் மட்டும் ‘இரவே’ என்று இருந்தது. எங்கள் ஆங்கிலப் பேச்சில் இரவும் நைட்தான், வாளேந்திய வீரனும் நைட்தான். வாயால் சொன்னால் பேதம் தெரியாது. எழுதும்போது வீரனுக்கு முன்னால் உச்சரிக்காத ஒரு ‘கே’ நிற்கும், அவ்வளவுதான் வேற்றுமை.

லெஸ்டர் மேசையைத் தட்டினார். “மாட்டிக்கிட்டா பாருங்க அம்மணி. சாவுதான் வீரன் வேஷத்துல வருது. ஹாலிஸ் சொல்லச் சொல்ல இவ காதால கேட்டிருக்கா. வீட்டுக்குப் போய் எழுதறப்ப கே-யைக் கோட்டை விட்டுட்டா. திருடறதுலயும் எழுத்துப்பிழை.”

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்று ஜோயலும் தலையாட்டினார்.

“ரெண்டுல ஒருத்தர் காதால கேட்டு எழுதியிருக்காங்க. அது நிச்சயம்,” என்றாள் வில்மா. “அது யாருன்னு இந்தத் தாளை வச்சு சொல்ல முடியாது. வீரன்னாலும் பொருள் வருது, இரவுன்னாலும் பொருள் வருது. எனக்கு நகல் வேண்டாம் ஜோயல். நோட்டைப் பாக்கணும்.”

போகிற வழியில் நினைவு மேசை இருந்தது. ஹாலிஸின் படம், அவருடைய கொம்புக் குவளை, பழைய நோட்டுகள் ஆறேழு. வில்மா நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு வரிக்கு நான்கு அடித்தல். அடித்ததன்மேல் எழுதி, அதையும் அடித்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டு இன்னொன்று. முப்பது வருடம் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தின மனிதர், தன்னை மட்டும் சும்மா விடுவாரா? லெஸ்டருக்குப் பொறுக்கவில்லை, மணியாகிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

அடீல் கணப்பருகே கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நோட்டைத் தர மனமில்லை; பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பதினோரு பாட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் தேதி. ஒரு அடித்தல் கிடையாது. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது, ஆனால் ஹாலிஸுடையதுதான். கட்டிலோரப் பாட்டில் மூன்றாவது வரி மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது. ஜோயல் நகலெடுக்கும்போது ஒன்றை விட்டிருக்கிறார்.

அவர் விட்டது அது மட்டுமல்ல என்று கண்டுபிடித்தது லெஸ்டர். வில்மாவின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, விரலை வைத்துக் காட்டினார். “மழை இல்ல அம்மணி. ஆட்சின்னு எழுதியிருக்கார். அதுவும் ரெயின்தான், இதுவும் ரெயின்தான், எழுத்து வேற. ஜோயல் கைத்தவறுன்னு நினைச்சுத் திருத்திட்டார் போல. கூரைமேல் ஆட்சி. சாவோட ஆட்சி. அடேயப்பா, அந்த மனுஷன் மூளையே மூளை.”

“கடைசி வரைக்கும் மூளை தெளிவு,” என்றாள் அடீல். யாரும் கேட்காமலே சொன்னாள். முழங்கால்தான் அவரை வீட்டில் உட்கார வைத்தது, அதனால்தான் மூன்று வருடம் குழுவுக்கு வரவில்லை, யாரையும் பார்க்கவும் பிரியப்படவில்லை என்றாள். நடீனை மட்டும் எப்படி விட்டீர்கள் என்று வில்மா கேட்டாள். புதன்கிழமைகளில் தான் சாமான் வாங்கப் போவதாகவும், அந்த மூன்று மணி நேரம் நடீன் வந்து துணைக்கு இருப்பாள் என்றும் அடீல் சொன்னாள். நம்பி வீட்டுக்குள் விட்டதற்கு இதுதான் பலன் என்று சொல்லும்போது அவள் கை நோட்டை இறுக்கிப் பிடித்தது.

வில்மா மறுபடி தேதிகளைப் பார்த்தாள். கைப்பேசியைப் பைக்குள் ஒளித்து வைப்பது எங்கள் வழக்கம். அதை வெளியே எடுத்து நாட்காட்டியைத் திறந்ததும் லெஸ்டர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். பதினோரு தேதியும் புதன்கிழமை.

“பாத்தீங்களா,” என்று லெஸ்டர் அடிக்குரலில் சொன்னார். “அன்னிக்கன்னிக்கே திருடியிருக்கா.”

நடீன் கூடத்தின் கோடியில், காலியான மாட்டுத் தடுப்பு ஒன்றில் வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கொடுத்த கறி வடை தொடாமல் ஆறிக் கிடந்தது. வில்மா எதிரே இன்னொரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, லெஸ்டரின் இரும்புச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். திருடினாயா என்று கேட்கவில்லை.

“அவர் எழுதும்போது நீ எங்க உக்காருவ நடீன்?”

“ஜன்னல் பக்கம். அவருக்கு வலது காதுதான்...” நடீன் நிறுத்திக்கொண்டாள். “விட்டுடுங்க வில்மா. அவங்க பாட்டுன்னா அவங்க பாட்டாவே இருக்கட்டும்,” என்றாள்.

“அஞ்சு மணிக்கு உன் பேரை வாசிப்பாங்க. அப்புறம் இந்த ஊர்ல எவனும் உன் பாட்டைக் கேக்க மாட்டான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் இன்னிக்கு இதைச் சொன்ன?”

நடீன் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். “கேஸிக்கு இன்னிக்குப் பதிமூணு முடிஞ்சிருக்கும். அவளுக்குன்னு எங்கிட்ட வேற எதுவும் இல்ல. அந்த நோட்டு அவரோடவே போயிருக்கும்னு நினைச்சேன்.”

கேஸி அவளுடைய மகள். நான்கு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். நாங்கள் எல்லோரும் அடக்கத்துக்குப் போயிருந்தோம், சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம், பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். லெஸ்டர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

நாலரை மணிக்கு வில்மா சமையலறையிலிருந்து மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே அடீல், நடீன், ஜோயல், லெஸ்டர். இருப்பதிலேயே நல்ல நாற்காலியை அடீலுக்குப் போட்டாள். நடீன் கதவோரமே நின்றாள்.

“முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்க பேசறதை எழுதறதுதான் என் வேலை,” என்று வில்மா ஆரம்பித்தாள். “காதால கேட்டு எழுதறவங்களுக்கு வர்ற பிழை தனி. கட்டறவங்களுக்கு அது வராது. மழைன்னு நினைச்சு கட்டறவன் கை மழைன்னுதான் எழுதும். ஆட்சியும் மழையும் ஒரே சத்தமா இருக்கறது அவனுக்கு ஞாபகமே வராது. அடுத்தவர் வாயிலேர்ந்து சத்தம் மட்டும் வந்து விழறவனுக்குத்தான் ரெண்டுல எதுன்னு குழப்பம்.”

“ஆட்சின்னே நினைச்சு எழுதியிருக்கலாமே அம்மணி,” என்றார் லெஸ்டர். அந்த ஆழமான பொருளை விட அவருக்கு மனமில்லை.

“அடுத்த வரியைப் படி. அவள் அதை எண்ணிக்கொண்டிருக்கிறாள். மழைத்துளியை எண்ணலாம் லெஸ்டர். ஆட்சியை எப்படி எண்ணறது? அந்த இடத்துல மழை ஒண்ணுதான் நிக்கும். அப்படின்னா நோட்டுல எழுதினவர் கட்டினவர் இல்ல. கேட்டு எழுதினவர்.”

ஜோயலின் முகம் வெளுத்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர், பெரியவரின் மானம் போகக் கூடாதென்று, நகலில் திருத்தியிருந்தார்.

“நைட்டும் அப்படித்தான்,” என்றாள் வில்மா. “ரோட்டுல போற யாரு காதுல அந்தச் சத்தம் விழுந்தாலும் இரவுன்னுதான் எழுதுவாங்க. கே போட்டு எழுதறது நம்மாளுங்க மட்டும்தான். நாப்பது வருஷம் வாளும் கேடயமுமா வாழ்ந்த மனுஷனுக்கு நைட்னா வீரன், ரெயின்னா ராஜாவோட ஆட்சி. ரெண்டு தடவையும் கை அங்கதான் போயிருக்கு. பழைய நோட்டுல வரிக்கு நாலு அடித்தல். இதுல ஒண்ணுகூட இல்ல. ஒரு வரி ரெண்டு தரம் இருக்கு. காதுல விழலைன்னு மறுபடி சொல்லச் சொல்லியிருக்கார். ஏற்கெனவே எழுதினது மறந்துபோய், மறுபடி எழுதியிருக்கார்.”

“அவருக்கு எழுத்துப்பிழையே வராது,” என்றாள் அடீல். “முப்பது வருஷம் ஊருக்கே பிழை திருத்தினவர். உங்களுக்கெல்லாம் தெரியும்.”

“தெரியும் அடீல். கூரைமேல் ஆட்சின்னு எழுதிட்டு, அதை அவர் திரும்பிக்கூடப் பாக்கலை. அதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிடுச்சு.”

அடீல் யாரையும் பார்க்கவில்லை. பொய் சொன்னவளைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி அந்த அறையில் ஒருவருக்கும் இல்லை, வில்மாவுக்குத்தான் கொஞ்சமும் இல்லை. இந்த வேலையைத் தன்னிடம் கொண்டுவந்த ஜோயல்மீது அவளுக்கு அந்த நேரம் கோபமே வந்தது.

நடீன்தான் பேசினாள். அவர் தன்னிடம் பாட்டு எதுவும் கேட்கவில்லை என்றாள். தனக்கு எதுவும் வரமாட்டேன் என்கிறது, பேனாவைப் பிடித்தால் வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு புதன்கிழமை அழுதாராம். அன்று சும்மா இவள் கட்டியதில் ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் நோட்டைத் திறந்து, நேற்று ராத்திரி வந்தது என்று இவளுக்கே வாசித்துக் காட்டினார்.

“அவ்வளவு சந்தோஷமா இருந்தார்,” என்றாள் நடீன். “இல்லைன்னு எப்படிச் சொல்றது? அதனால அடுத்த வாரமும் ஒண்ணு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். யாரும் கேக்கலை.”

அடீல் நோட்டைத் திறந்து, மெதுவாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். “மத்த பத்தும்?” என்றாள்.

நடீன் தரையைப் பார்த்தாள். அடீலுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த நோட்டிலிருந்து ஒரு பாட்டைக் கல்லறைக் கல்லில் வெட்டக் கொடுத்திருந்தாள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

சபை எதுவும் வாசிக்காது, எல்லாவற்றையும் ரகசியமாகவே முடித்துவிடலாம், தவறாகப் புரிந்துகொண்டோம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றார் ஜோயல். அடீல் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணி அடித்தது.

கூடத்தில் நூற்றிருபது பேர். ராஜா நடீனின் பெயரை எடுக்கும் முன்னால் அடீல் எழுந்துவிட்டாள். சபையில் அனுமதி கேட்காமல் யாரும் பேசக் கூடாது. அவள் கேட்கவில்லை, ராஜாவும் தடுக்கவில்லை.

“இந்த நோட்டுல இருக்கறது ஒண்ணும் என் புருஷனோடது இல்ல. எல்லாம் நடீன் கட்டினது,” என்றாள். அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “அவருக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல. கடைசி மூணு வருஷம் அவர் என்னை நர்ஸ்னுதான் கூப்பிட்டார். உங்ககிட்ட எல்லாம் மறைச்சேன். அவளைத் திருடின்னு சொன்னேன். தப்பு.”

சொல்லிவிட்டு நின்றபடியே இருந்தாள், உட்கார மறந்துவிட்டவள்போல. லெஸ்டர் போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தக் காலை முழுவதும் திருடி திருடி என்று வாய் வலிக்கப் பேசின நாங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டோம்.

கடைசிச் சுற்றில் நடீனை அழைத்தார்கள். முன்னால் வந்தாள். இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரியில் குரல் நின்றுவிட்டது. ஜோயல் மணல் கடிகாரத்தைப் படுக்க வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப்போனாள். பச்சை மேலங்கி வாத்துக் கதை சொன்ன ஒரு தபால்காரருக்குப் போனது. அவர் அதைத் திருட்டுப் பொருள்போலத் தோளில் போட்டுக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கொடிகளை இறக்கும்போது அடீல் நோட்டை நடீனிடம் நீட்டினாள். நடீன் வாங்கவில்லை, எழுத்து அவருடையது, உங்களிடமே இருக்கட்டும் என்றாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். பக்கத்தில் வில்மா நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“புதன்கிழமைல,” என்று அடீல் தயங்கினாள். “அத்தனை நேரம் உக்காந்திருந்தியே. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“சொல்லுவாரே,” என்றாள் நடீன் உடனே. “அடீல் செய்யற ஆப்பிள் கேக் மாதிரி இந்த மிச்சிகன்லயே கிடையாதுன்னு சொல்லுவார். அடிக்கடி சொல்லுவார்.”

அடீல் தலையை ஆட்டினாள். நடீனின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வில்மா குடையைப் பிடித்துக் கார்வரை கூடவே போனாள். கார்க் கதவைத் திறந்த அடீல் உள்ளே ஏறாமல் திரும்பினாள்.

“நான் என் ஆயுசுல ஆப்பிள் கேக் செஞ்சதே இல்ல வில்மா,” என்றாள். “நல்லாத்தான் கட்டறா அந்தப் பொண்ணு.”